ஒரே ஈற்றில் பிறந்த எட்டுக் குட்டிகள்

அன்று நான் ஒரு பெயரைச் சொல்லவில்லை. ஆகஸ்டு மாதம் முதல் ஒரு சான்றிதழைக் கையெழுத்திடாமல் தம் மேசை இழுப்பறையில் வைத்திருந்த அதிகாரி, மேடையில் இரண்டாவது நாற்காலியில் இருந்தார். அவர் பெயரைச் சொல்லிவிடுவது என்ற தீர்மானத்தோடுதான் போனேன். கூட்டம் தொடங்குமுன், மறைந்தவரின் மனைவி லூர்தம்மாள் என் கையைப் பிடித்து, "ஜெபசீலி, யாரையும் பேர் சொல்லி வையாத கண்ணு. அவரு ஒருத்தரையும் வஞ்சதில்ல" என்றார். அதனால் பெயரை மட்டும் விட்டுவிட்டேன். மற்றபடி, 1968 நவம்பர் 24ஆம் தேதி, கிருஷ்ணகிரி வாசகசாலைக் கூடத்தில் நான் பேசியது இது.

மேடையில் வீற்றிருக்கும் பெரியவர்களே, அரசுக் கால்நடைப் பண்ணையின் அலுவலர்களே, தோழர்களே, முன்வரிசையில் கண்ணீரோடு இருக்கும் லூர்தம்மாள் அவர்களே, வாசலுக்கு வெளியே தரையில் உட்கார்ந்திருக்கும் மாரம்மா அவர்களே, வணக்கம்.

மாரம்மாவின் பெயரைக் கேட்டதும் சிலர் திரும்பிப் பார்க்கிறீர்கள். ராயக்கோட்டைக்கு அப்பால் காட்டோர ஊரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். அவருக்கு ஒரு நாற்காலி போட நம் யாருக்கும் தோன்றவில்லை. பிரகாசம், அந்த ஓரத்து நாற்காலியை அவருக்குக் கொடுங்கள். நடுவில் போடுங்கள். நான் காத்திருக்கிறேன்.

நன்றி.

கால்நடை ஆய்வாளர் திரு. ஆரோக்கியநாதன் அவர்கள் இம்மாதம் பத்தாம் தேதி மாரடைப்பால் மறைந்தார். ஐம்பத்தொரு வயது. இங்கே எனக்கு முன் பேசியவர்கள் அவரை அறிஞர் என்றீர்கள், ஆராய்ச்சியாளர் என்றீர்கள். கேட்க இனிமையாக இருந்தது. ஆனால் அவர் உயிரோடு இருந்தபோது நாம் அவரை எப்படி அழைத்தோம்? பன்னி ஆரோக்கியம்! பண்ணை வாசல் டீக்கடையில் அவர் வந்து உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். "சார், அந்தாண்ட உக்காருங்க. டீல வாசம் வருது" என்பார்கள். அவர் சிரித்துக்கொண்டே, "அது பன்னி வாசமில்லப்பா, உன் பால் வாசம்" என்பார். அந்தப் பெஞ்சிலிருந்து எழுந்து போனவர்கள் இன்று மாலையோடு வந்திருக்கிறீர்கள்!

பதினோரு ஆண்டுகள் அவர் சைக்கிளில் சுற்றினார். காவேரிப்பட்டினம் முதல் கர்நாடக எல்லை வரை, பன்றி வளர்ப்பவர்களின் குடிசைகளில் முந்நூற்றுப் பன்னிரண்டு ஈற்றுகளைப் பார்த்துக் குறித்தார். எத்தனை குட்டி, என்ன நிறம், எத்தனையின் முதுகில் கோடு. எதற்காக? ஒரே ஒரு கேள்விக்காக. வீட்டுப் பன்றி காட்டுப் பன்றியிலிருந்து வந்தது என்று புத்தகம் சொல்கிறது. அந்த வருகை என்றோ முடிந்துபோனதா, இன்னும் நடந்துகொண்டிருக்கிறதா?

நம் காட்டோரத்தில் இன்னும் நடக்கிறது என்றார் அவர். அங்கே பெண்கள் பருவத்துக்கு வந்த பெட்டைப் பன்றியைக் காட்டு எல்லைக் கல்லுக்கு இப்பால், தங்கள் நிலத்தில், ஒரு புளியமரத்தடியில் கட்டிவைப்பார்கள். பொழுது சாயும்போது காட்டு ஆண் பன்றி தானே இறங்கி வரும். அந்தக் குட்டிகள் நோய்க்குச் சீக்கிரம் விழுவதில்லை என்பது அவர்கள் கண்ட அனுபவம். "மனுசன் பன்னியைப் பழக்கினான்னு எழுதறாங்க. பழக்கினது பொம்பளைங்க. இன்னும் முடிக்கல" என்று என்னிடம் சொல்வார்.

வெளிநாட்டில் சில இடங்களில் காட்டுப் பன்றியின் உயிரணுவில் முப்பத்தாறு குரோமோசோம், வீட்டுப் பன்றிக்கு முப்பத்தெட்டு, ஆனாலும் இரண்டும் கூடினால் குட்டி பிறக்கிறது, அந்தக் குட்டியும் ஈனுகிறது என்று ஒரு சஞ்சிகையில் படித்தார். நம் மலைக் காட்டுப் பன்றிக்கு எத்தனை? எண்ணிப் பார்க்க நுண்ணோக்கியை வாரத்துக்கு ஒரு மணி நேரம் கேட்டார். மாட்டுக்கு வாங்கிய நுண்ணோக்கியில் பன்றியைப் பார்க்க விதியில்லை என்று பதில் வந்தது. அந்தப் பதிலைப் பிரித்து அவரிடம் கொடுத்தவள் நான்தான், ஆய்வக உதவியாளர்.

இனி மாரம்மாவின் வழக்குக்கு வருகிறேன். இரங்கல் கூட்டத்தில் வழக்கு எதற்கு என்று மேடையில் ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, அவர் கடைசி மூன்று மாதமும் வேறெதையும் நினைக்கவில்லை. அதைச் சொல்லாமல் நான் எதைச் சொல்லி அவருக்காக அழுவது?

ஜூலை ஐந்தாம் தேதி மாரம்மாவின் கறுப்புப் பன்றி எட்டுக் குட்டி ஈன்றது. நான்கு தாயைப்போலக் கறுப்பு. நான்கு பழுப்பு, முதுகில் கோவைக்காய் போல வெளிர்க் கோடுகள். ஆகஸ்டு ஒன்பதாம் தேதி வனக்காவலர் வந்தார். கோடு போட்ட நான்கையும் சாக்கில் போட்டார். காட்டிலிருந்து திருடிய குட்டிகள் என்று எழுதினார். மாரம்மா அவரிடம் கேட்டதை ஆரோக்கியநாதன் சார் என்னிடம் எத்தனையோ தடவை சொல்லிச் சிரித்திருக்கிறார்.

"எட்டும் ஒரே வயித்துல பொறந்துதுங்க சாமி. நாலு உன்துன்னா மீதி நாலு யாருது?"

"கோடு போட்டதெல்லாம் கவர்மென்ட்டுது."

"அப்படின்னா அப்பனையும் புடிச்சிக்கினு வா. ரெண்டு பேரையும் ஒண்ணா நிக்க வெச்சி கேளு, யாரு யாரைத் திருடினதுன்னு!"

சிரிக்கிறீர்கள். மாரம்மா சிரிக்கவில்லை. குற்றம் உறுதியானால் அவருக்குச் சிறை. ஒரே தாய் ஒரே நாளில் ஈன்ற எட்டில் நான்கு மட்டும் திருட்டுச் சொத்து என்றால், இது எந்த நாட்டு நியாயம்? அந்தப் பன்றி பார்க்கக் கறுப்பு. ஆனால் அதன் உள்ளே நிறத்தின் கூறு இரண்டு இருந்தது, ஒன்று கறுப்பு, ஒன்று காடு; கறுப்பு இருக்குமிடத்தில் காடு வெளியே தெரியாது. தாயிடமிருந்து கறுப்பைப் பெற்ற குட்டி கறுப்பாயிற்று. காட்டைப் பெற்ற குட்டிக்குத் தகப்பனும் காட்டையே கொடுத்ததால் கோடு விழுந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும் பாடம். இதை அவர் ஒரு பக்கச் சான்றிதழாக எழுதி, கோர்ட்டுக்கு அனுப்ப மேலதிகாரியின் ஒப்பம் கேட்டு, ஆகஸ்டு பன்னிரண்டாம் தேதி அந்த மேசையில் வைத்தார்.

ஒப்பம் வரவில்லை. ஆகஸ்டில் வரவில்லை. செப்டம்பரில் வரவில்லை. அக்டோபரில், "பன்றி விஷயத்தில் இலாகாவை இழுக்க வேண்டாம்" என்று ஓரத்தில் பென்சிலால் எழுதப்பட்டிருந்தது. மூன்று வாய்தா போயிற்று. பன்றிக் குட்டியின் கோடு நான்கைந்து மாதத்தில் மறைந்துவிடும். இது மேசைக்குப் பின்னால் இருந்தவருக்குத் தெரியாதா? கால்நடை மருத்துவம் படித்தவருக்குத் தெரியாதா? ஜப்தி செய்த நான்கும் நம் பண்ணைக் கொட்டிலிலேயே நின்றன. ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஆரோக்கியநாதன் சார் போய்ப் பார்ப்பார். ஒவ்வொரு திங்களும் கோடு மங்கிக்கொண்டு வந்தது. ஒரு பெண்ணின் சாட்சி நம் கண்ணெதிரில் அழிந்தது, நாமோ அதற்குத் தவிடு போட்டுக்கொண்டிருந்தோம்!

ஆனால் ஆரோக்கியநாதன் சார் நம்மை நன்றாக அறிந்தவர். ஒப்பம் வராது என்று முதல் வாரமே அவருக்குத் தெரியும். ஆகஸ்டு பதினாறாம் தேதி அதே பெட்டையை அதே புளியமரத்தடியில் கட்டவைத்தார். காட்டு ஆண் பன்றி வந்ததைக் கிராம முன்சீப் நாராயணப்பன் கூட இருந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டார். அன்றிலிருந்து பன்றியின் சினைக்காலமான நூற்றுப் பதினான்கு நாளை எண்ணினார். டிசம்பர் எட்டு. வக்கீலிடம் சொல்லி அடுத்த வாய்தாவை டிசம்பர் ஒன்பதுக்குக் கேட்டு வாங்கினார். காகிதத்தில் ஒப்பம் கிடைக்காத உண்மையைக் கூடையில் கொண்டுபோய்க் கோர்ட்டு மேசையில் வைக்க நினைத்தார்.

"எல்லாம் கறுப்பாகவே பிறந்துவிட்டால், சார்?" என்று நான் கேட்டேன்.

"பொறந்தா என் கணக்குத் தப்பும்மா. மாரம்மா மேல தப்பில்ல" என்றார்.

இப்படிப்பட்டவரையா சைக்கிளோடு தனியே விட்டோம்? இப்படிப்பட்டவருக்கா மூக்கைப் பொத்திக்கொண்டோம்? அவருக்குப் படம் திறப்பதாகச் சொன்னீர்கள். திறங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இன்னும் இரண்டு வாரத்தில் ஒரு பெட்டைப் பன்றி ஈனப்போகிறது. அதன் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும். நான் போகிறேன். நான் தற்காலிக ஊழியர், ஒப்பம் போடும் அதிகாரம் எனக்கில்லை. எனக்குக் கண் இருக்கிறது, எண்ணத் தெரியும். டிசம்பர் இரண்டாம் தேதியிலிருந்து லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். மாரம்மா அவர்களே, ஒன்பதாம் தேதி கூடையின் ஒரு பக்கத்தை நீங்கள் பிடியுங்கள், மறுபக்கத்தை நான் பிடிக்கிறேன். அவர் எழுதிய முந்நூற்றுப் பன்னிரண்டுக்குப் பிறகு முந்நூற்றுப் பதின்மூன்று என்று என் கையால் எழுதுவேன். அதுவே நான் அவருக்குச் செய்யும் அஞ்சலி.

நான் அன்று பேசியது அவ்வளவுதான். டிசம்பர் ஏழாம் தேதி காலை அந்தப் பன்றி ஏழு குட்டி ஈன்றது. ஐந்து கறுப்பு, இரண்டு கோடு. ஒன்பதாம் தேதி மாஜிஸ்திரேட் இருக்கையிலிருந்து இறங்கி வந்து கூடைக்குள் பார்த்தார். முன்சீப்பையும் என்னையும் விசாரித்தார். வழக்கைத் தள்ளுபடி செய்து, ஜப்தி செய்த நான்கு பன்றிகளையும் மாரம்மாவிடம் ஒப்படைக்கச் சொன்னார். அன்று மத்தியானமே பண்ணைக்குப் போனோம். கொட்டில் கழுவியிருந்தது. நான் லீவில் இருந்தபோது, டிசம்பர் நான்காம் தேதி, நான்கையும் ஏலம் விட்டு பெங்களூர் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள்.