மூன்றாவது தட்டு

இரவு பதினொன்றே முக்கால். மேகன் நகரத்திலிருந்து நம் சவானாவுக்கு வரும் நெடுஞ்சாலை. இரண்டு பக்கமும் பைன் மரம், மைல் கணக்கில் ஒரு விளக்கு கிடையாது. அதில் ஒரே ஒரு கார்.

ஓட்டியவன் ராய்ஸ். எப்போதும் நம்மோடு இங்கே உட்காரும் ஆர்டித்தின் பெரியம்மா மகன். அவள் இன்றைக்கு வரவில்லை, அதனால்தான் துணிந்து சொல்கிறேன். பக்கத்தில் அவன் மனைவி நடீன். எட்டு மாதமாகத் தனித்தனி வீடு. மூன்று நாள் ஒன்றாக இருந்து பார்ப்போம், சரிவராவிட்டால் வக்கீலிடம் போய்விடலாம் என்று பேசி வைத்துக் கிளம்பியிருந்தார்கள். அவனுக்கு அவளை விட மனமில்லை. ஆனால் அதைச் சொல்லத் தெரியாது, கேலி பேசித்தான் பழக்கம். வழியெல்லாம் மழை... கண்ணாடி துடைக்கும் சத்தம். காகித ஆலையின் நாற்றம் மூக்கில் ஏறியபோதுதான் நடீன் வாய் திறந்தாள். ஊர் வந்துவிட்டது என்றாள். அவ்வளவுதான்.

தங்கியது சதுக்கத்தை ஒட்டிய ஒரு பழைய மூன்று மாடி வீட்டில். காலை உணவோடு அறை வாடகைக்கு விடுகிற வீடு. அங்கே ஒரு வழக்கம். எத்தனை பேர், என்ன சாப்பாடு, எத்தனை மணிக்கு என்று ஓர் அட்டையில் எழுதி, படுக்கப் போகும்முன் கதவுப் பிடியில் மாட்ட வேண்டும். சமையல் செய்யும் மிஸ் வெர்டெல் விடியற்காலை ஐந்து மணிக்கு எடுத்துப் போவார். ராய்ஸ் 2 என்று போட்டான். முட்டை, சோள ரவைக் கஞ்சி, தனக்குக் கறுப்புக் காபி. எட்டு மணி.

காலையில் மேசையில் மூன்று தட்டு.

அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தான். அவன் போட்ட 2 அடிக்கப்பட்டு, பக்கத்தில் 3. கீழே மெல்லிய, சாய்ந்த எழுத்தில் 'பேரிக்காய் ஜாம்'. மூன்றாவது தட்டின் அருகில் அதுவும் இருந்தது. கிராம்பு வாசனை. அந்த அறையிலிருந்து சில நாள் இப்படி வரும், கேட்டதை வைத்துவிடுவேன் என்றார் மிஸ் வெர்டெல்.

"நீங்க பாட்டுக்குச் சாப்பிடுங்க சார். அந்த நாற்காலிகிட்ட மட்டும் பேச்சுக் குடுக்காதீங்க."

ஆனால் நடீன் நம் ஊர் வளர்ப்பு. வைத்த தட்டை உபசரிக்காமல் தான் ஸ்பூனைத் தொட மாட்டாள். காலி நாற்காலியைப் பார்த்து, "உக்காருங்க மேடம், ஆறிடப் போகுது," என்றாள். அவ்வளவு இதமான குரலை ராய்ஸ் எட்டு மாதமாகக் கேட்டதில்லை. அவனுக்குப் பொறுக்கவில்லை.

"ஆளில்லாத நாற்காலிக்கு என்ன மரியாதை! கட்டினவனுக்குத்தான் கிடையாது," என்றான். அதோடு விட்டிருக்கலாம். நாற்காலி பக்கம் திரும்பி, "மேடம், இவளுக்கு என்னைவிட உங்களத்தான் பிடிச்சிருக்கு. வேணும்னா கூட்டிட்டுப் போங்க," என்றான்.

சமையலறையில் கரண்டி விழுந்தது. மிஸ் வெர்டெல் வாசலில் வந்து நின்றார். "சொன்னதைத் திருப்பி வாங்கிக்குங்க சார். இப்பவே."

ராய்ஸ் சிரித்தான்.

அன்று பகல் நன்றாகத்தான் போனது. ஆற்றங்கரையில் நடந்தார்கள், இறால் சாப்பிட்டார்கள். நடீன் அவன் கையைப் பிடித்துக்கொண்டாளாம். அன்றிரவு அட்டையில் அவளே 2 என்று எழுதி மாட்டினாள். அவன் நிம்மதியாகத் தூங்கினான்.

கண் விழித்தபோது பக்கத்தில் அவள் இல்லை. கீழே ஓடினான். மேசையில் இரண்டு தட்டு... இரண்டும் சாப்பிட்டு முடித்தவை. இரண்டு தேநீர்க் கோப்பை. காபி இல்லை. அதே கிராம்பு வாசனை.

அடுப்பருகே நின்றபோது இரண்டு பெண்கள் பேசுவது கேட்டதாம் மிஸ் வெர்டெலுக்கு. திரும்பிப் பார்க்கவில்லையாம். அட்டையில் 2 அப்படியே இருந்தது. அவன் காபி மட்டும் அடிக்கப்பட்டிருந்தது. முன்கதவும் பின்கதவும் உள்தாழ்ப்பாள் போட்டபடியே. நடீனின் செருப்பு கட்டிலடியில். போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது.

அதற்கப்புறம் ராய்ஸ் ஏழு வருஷம், ஒவ்வோர் அக்டோபரும், அதே அறை. அந்த நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்பான். சொன்னதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்பான். அட்டையில் 3 என்று எழுதுவான். விடிந்தால் 2 என்று இருக்கும். மிஸ் வெர்டெல் அந்த இரண்டு தட்டையும் மேசையில் வைத்துவிட்டு, அவனை அடுப்படிக்கு அழைத்துச் சோறு போடுவார். இதெல்லாம் அவர் சர்ச்சில் என்னிடம் சொன்னது.

போன வாரம் போனவன் மன்னிப்புக் கேட்கவில்லையாம். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலி எதிரில் நின்றானாம்.

"நானும் வரலாமா மேடம்?"

அட்டையில் எண்ணே எழுதாமல் மாட்டினான். ஐந்து மணிக்கு மிஸ் வெர்டெல் எடுத்தபோது அதில் 3 இருந்தது. மூன்று தட்டு வைத்தார். யாரும் இறங்கி வந்த சத்தம் இல்லை. எட்டரைக்குப் போய்ப் பார்த்தால் மூன்றும் காலி. காபிக் கோப்பை இன்னும் சூடாக இருந்தது. மேலே கட்டிலடியில் அவன் பூட்ஸ்.

ஆர்டித் ஏன் வரவில்லை என்று கேட்டீர்களே... அவன் சாமான்களை எடுத்து வரப் போயிருக்கிறாள். இதையெல்லாம் அவள் நம்புவதில்லை. மழை வலுத்ததால் அதே அறையில் தங்கிவிட்டாள். இன்றிரவு ஒன்பது மணிக்குப் போன் செய்தாள். அட்டையில் 1 என்று எழுதி மாட்டிவிட்டாளாம்.

நடீன் மாதிரியேதான் அவளும் வளர்ந்தவள். எதிரில் ஒரு தட்டு இருந்தால்... உபசரிக்காமல் சாப்பிட மாட்டாள்.