ரக்கூன்களின் சீனி வருத்தம் பற்றிய பிராந்திய ஆய்வு

— சத்தியமாச் சொல்லுறன், பிள்ளை நிரூபா. அந்தக் கட்டுரையில ஒரு சொல் பொய்யெண்டால், நாளைக்கு விடியக் குத்துற இன்சுலின் எனக்கு வேலை செய்யாமல் போகட்டும். சொல் மட்டுமில்லை. கமா, முற்றுப்புள்ளி எல்லாம் உண்மை.

— குலசிங்கம் அங்கிள், நான் கமாவைக் கேக்கேல்ல. ரக்கூனைக் கேக்கிறன்.

— ரக்கூன் கமாவை விட உண்மை.

— போனை ஸ்பீக்கரில போடுங்கோ. பேபி அன்ரியும் கேக்கட்டும். அன்ரி, பக்கத்திலயோ நிக்கிறீங்கள்?

— நிக்கிறன் பிள்ளை. பாவக்காய் வெட்டுறன். இந்த மனுசன்ர ஆராய்ச்சிக்குள்ள என்னை இழுக்காதேங்கோ.

— இழுக்கேல்ல அன்ரி. அங்கிள், இப்ப மணி நாலு பத்து. அஞ்சு மணிக்கு அச்சகம் பூட்டுது. அதுக்குள்ள இதழ் போகாட்டி ஞாயிற்றுக்கிழமை வெளியீடு இல்லை. ஒரு வருஷம் தவறினால் ஆய்விதழ் நிர்வாகத்தின்ர கைக்குப் போகும் எண்டு எங்கட சங்கத்தின்ர யாப்பு விதியில கிடக்குது. நிர்வாகம் எண்டால் ஆர்?

— ஜெயரட்ணம்.

— ஜெயரட்ணம் அங்கிளின்ர கையில போனால் என்ன நடக்கும்?

— அட்டையில தன்ர அறுபதாங் கலியாணப் படம். உள்ளுக்கு அறுபத்திநாலு பக்க விளம்பரத்தில வீடு விக்கிற ஆக்கள் கையைக் கட்டிக்கொண்டு சிரிப்பினம். இடையில ரெண்டு அரங்கேற்றம். கடைசிப் பக்கத்தில ராகுகாலம்.

— ஒன்பது வருஷம் நான் வளத்த இதழ் அங்கிள். அஜக்ஸில இருந்து ஒவ்வொரு கிழமையும் ஃபோர்-ஓ-வன் ஹைவே நெரிசலில நிண்டு நிண்டு வந்து நடத்தின இதழ். கல்வி வரலாறு, வேளாண்மை, காட்டுயிர் நலம், இந்த மூண்டும் ஒவ்வொரு இதழிலயும் இருக்கவேணும் எண்டது விதி. மூண்டு டொக்டர்மார் எழுதித் தந்தவை. முந்தாநாள் மூண்டு பேரும் திருப்பி வாங்கிட்டினம்.

— கேள்விப்பட்டன். வெளியீட்டு அழைப்பிதழில நடுவில ஆர்ட படம் எண்டு பிரச்சினையாம்.

— பொன்னம்பலம் டொக்டரை நடுவில போட்டன், குணவதி டொக்டருக்குக் கோவம். அவவை நடுவில போட்டன், வின்சன்ற் டொக்டருக்குக் கோவம். சரியெண்டு, லைக், முக்கோணமாப் போட்டன்.

— மேல ஆர்?

— அதுதான் அங்கிள் சண்டையே! அடுத்த நாள் விடியப் பாத்தால் உங்கட கட்டுரை வாட்ஸ்அப்பில வந்து கிடக்குது. ஒரே கட்டுரையில கல்வி வரலாறும் இருக்குது, வேளாண்மையும் இருக்குது, காட்டுயிர் நலமும் இருக்குது. ஓடர் குடுத்துத் தைச்ச சட்டை மாதிரி.

— முப்பத்திரண்டு வருஷ ஆய்வு, பிள்ளை. தற்செயலா முந்தாநாள் முடிஞ்சது.

— முந்தாநாள் மத்தியானந்தான் துவங்கினவர். ஆறு தரம் தேத்தண்ணி கேட்டவர்.

— இஞ்சரும் பேபி, உதுக்குள்ள இழுக்க வேண்டாமெண்டு நீர்தானே சொன்னனீர்? பிள்ளை, நான் துவங்கினது ரைப் பண்ணத்தான். ஆய்வு ஏற்கெனவே இஞ்ச மண்டைக்குள்ள கிடந்தது.

— சரி, நான் வாசிக்கிறன். "சனிக்கிழமைத் தமிழ் வகுப்பின் வரவு இடாப்பும், மில்லிக்கன் வீட்டுப் பின்வளவுப் பாகலும், ரக்கூன்களின் நீரிழிவும்: ஒரு பிராந்திய ஆய்வு." தலைப்பு ஓகே. முதல் பந்தி. "தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் பிள்ளைகளைத் தமிழ் வகுப்புக்கு வரவழைக்கப் பெற்றோர் கையாண்ட ஒரே கல்விமுறை டோனற் ஆகும்." அங்கிள்!

— பொய்யோ?

— இல்லை. அம்மா எனக்கும் வாங்கித் தந்துதான் கூட்டிக்கொண்டு வந்தவ. சொக்லேற் டோனற்.

— முழுக்கச் சாப்பிட்டனீரோ?

— பாதி. மிச்சத்தைக் குப்பை வாளிக்குள்ள போட்டிடுவன்.

— அவ்வளவுதான், கல்வி வரலாறு முடிஞ்சுது. அங்கால வாசியும், காட்டுயிர் வருகுது.

— "மீந்த டோனற்றுகள் கட்டடத்தின் பின்புறக் குப்பைத் தொட்டியைச் சென்றடைந்தன. அதை நம்பி வாழ்ந்த ரக்கூன்கள் சனிக்கிழமை தோறும் காலை ஒன்பது மணிக்குத் தவறாது சமுகமளித்தன. மழையோ பனியோ பிறந்தநாள் விழாவோ அவற்றைத் தடுக்கவில்லை. 1994 ஒக்ரோபர் மாதத்தில் மாணவர் வரவு நாற்பத்தொரு வீதம். ரக்கூன் வரவு நூறு வீதம்." உதை ஆர் எண்ணினது?

— நான்தான். வாத்தியார்மார் பாடத்தைப் பாப்பினம், நான் இடாப்பைப் பாப்பன். ஒற்றையின்ர முன்பக்கத்தில பிள்ளையள், பின்பக்கத்தில ரக்கூன்.

— ரக்கூனுக்குப் பேர் கூப்பிட்டனீங்களோ?

— சீ, பேர் இல்லை, இலக்கம். ர-ஒண்டில இருந்து ர-பதினொண்டு வரைக்கும். ஆய்வில ஒருதற்ற அந்தரங்கமும் வெளியில போகக் கூடாது, பிள்ளை. அது ஒழுக்க நெறி. ர-ஏழு மட்டும் இலக்கத்தைக் கூப்பிட்டால் கையைத் தூக்கும்.

— ஓ மை கோட்.

— உங்கட வகுப்பில அவ்வளவு ஒழுங்கா ஒருதரும் தூக்கேல்ல.

— மூண்டாவது பந்தி. "தொடர்ச்சியான இனிப்பினால் இவ்விலங்குகளுக்குச் சீனி வருத்தம் பீடித்தது. அறிகுறிகள்: அடிக்கடி தண்ணீர் குடித்தல், மத்தியானத்தில் கண் செருகுதல், சொந்தக்காரரோடு காரணமின்றிக் கோபித்தல்." அங்கிள், இது எங்கட அப்பாவின்ர அறிகுறி.

— அதே வருத்தம். அதே டோனற்.

— இரத்தத்தில சீனி பதினாலு தசம் ரெண்டு எண்டு போட்டிருக்கிறீங்கள். எப்பிடி அளந்தனீங்கள்?

— என்ர மிசினால. விரல் நுனியில ஒரு குத்து. ரக்கூனுக்கும் அஞ்சு விரல்தானே? குத்த முதல், சொல்லாமலே போய்க் கை கழுவிக்கொண்டு வந்து நீட்டும். என்ர நேர்ஸ் பதினாறு வருஷமாச் சொல்லிக்கொண்டிருக்கிறா, நான் இன்னும் கழுவேல்ல.

— அது உண்மை, பிள்ளை.

— எது அன்ரி? ரக்கூன் கழுவினதோ, அங்கிள் கழுவாததோ?

— எனக்குப் பாவக்காய்க்கு உப்புப் போடவேணும். என்னை விடுங்கோ.

— ஓகே. இப்ப வேளாண்மை. "யாழ்ப்பாணத்துப் பாகல் வித்துக்கள் உறவினர் ஒருவரின் திருமண அல்பத்தில் படங்களுக்குப் பின்னால் ஒட்டப்பட்டு இந்நாட்டை வந்தடைந்தன." கஸ்ரம்ஸில பிடிக்கேல்லையோ?

— பிடிச்சவன். அல்பத்தை ஒண்டும் விடாமல் புரட்டிப் பாத்தவன். கடைசியில, மாப்பிளைக்கு என்ன வேலை எண்டு கேட்டிட்டு விட்டிட்டான்.

— "முப்பதடிப் பந்தல்." மில்லிக்கனில முப்பதடியோ அங்கிள்?

— நீளமான இடம். எங்கட பக்கம் காத்து அதிகம், தேனீ வராது. பெயின்ற் அடிக்கிற சின்னத் தூரிகையால ஒவ்வொரு பூவுக்கும் நான்தான் மகரந்தம் தடவினனான். பந்தலுக்குக் கீழ நிண்டு பாத்தால் தூரத்தில டவுன்ரவுன் கோபுரம் தெரியும்.

— மில்லிக்கனில நிண்டோ?

— முகில் இல்லாட்டி.

— சரி. ஆனா பாவக்காயை ரக்கூன் தின்னுமோ? எங்கட வீட்டில மனுசரே தின்னாயினம்.

— நல்ல கேள்வி. அதிலதான் ஆய்வே இருக்குது. முதல் நாள் மருந்தெண்டு குப்பைத் தொட்டியடியில வச்சன், ஒண்டும் தொடேல்ல. ர-ஏழு மட்டும் ஒண்டை எடுத்து ஒரு கடி கடிச்சுது. கண்ணால தண்ணி வந்திட்டுது. ஆனா மற்றவையைப் பாத்து, நல்லாயிருக்குது எண்ட மாதிரித் தலையை ஆட்டிச்சுது.

— ஏன்?

— தான் மட்டும் கைச்சுச் சாகிறதோ? எங்கட ஆக்களோட பழகின மிருகம், பிள்ளை. பேந்து ர-எட்டு கடிச்சுது, அதுவும் தலையை ஆட்டிச்சுது. பின்னேரத்துக்கிடையில பதினொண்டும் திண்டிட்டு, ஒண்டையொண்டு பாத்துத் தலையை ஆட்டிக்கொண்டு இருந்ததுகள்.

— சிரிப்புக் காட்டாதேங்கோ அங்கிள், எனக்கு வயிறு நோகுது. "மூன்று மாதங்களில் சீனி ஆறு தசம் ஒன்றாகக் குறைந்தது. அதே காலத்தில் மாணவர் வரவு எண்பத்தெட்டு வீதமாக உயர்ந்தது." இது ஏன் உயந்தது?

— கை கழுவிற ரக்கூனைப் பாக்கப் பிள்ளையள் ஓடி வந்ததுகள். வந்ததுகளைக் கதவைப் பூட்டிப்போட்டு உயிர்மெய் எழுத வச்சது. பாத்தீரே, பாவக்காயால தமிழ் வளந்துது. மூண்டு துறையும் ஒரு கொடியில.

— மணி நாலு முப்பத்தெட்டு. அங்கிள், எனக்கு உங்கட கட்டுரை பிடிச்சிருக்குது. ஆனா கீழ பதிப்பாசிரியர் எண்டு என்ர பேர் வருகுது. பொய்யெண்டு ஒருதர் நிறுவினாலும் போதும், ஜெயரட்ணம் அங்கிள் அண்டைக்கே இதழைத் தூக்கிடுவார். நான் ஒரு தரவை எண்டாலும் செக் பண்ணவேணும். ஒண்டே ஒண்டு.

— பண்ணும். அட்டவணை நாலைத் திறவும். 1996 ஒக்ரோபர் பத்தொன்பது.

— பொறுங்கோ. "மாணவர் வரவு பன்னிரண்டு. வராதோருள் 'நி.' என்னும் மாணவிக்கு வயிற்றுக்குத்து என்று தாயார் எழுதிய கடிதம் கிடைத்தது. கடிதம் ஒன்பது வயதுப் பிள்ளையின் கையெழுத்தில் இருந்தது." அங்கிள்.

— ஒழுக்க நெறிக்காக முழுப் பேர் போடேல்ல.

— அங்கிள், அது நான்.

— ஆருக்குத் தெரியும்? நி. எண்டால் நிலாணியாயும் இருக்கலாம்.

— நான்தான்! அண்டைக்கு ஜெசிகாவோட ஐஸ் ஸ்கேற்றிங் போனனான். கடிதத்தை ஜெசிகாவின்ர தம்பியிட்டக் குடுத்துவிட்டனான். அம்மாவுக்கு இண்டு வரைக்கும் தெரியாது.

— அப்ப தரவு பிழையோ?

— இல்லை, சரி. திகதியும் சரி. வயிற்றுக்குத்தும் சரி.

— கமா?

— கமாவும் சரி! லைக், இதைப் போய் ஆர் இட்டுக்கட்ட ஏலும்? இந்த ஒண்டு உண்மையெண்டால்...

— சோத்தில ஒரு பருக்கையைத்தானே நசிச்சுப் பாக்கிறது, முழுப் பானையையும் இல்லையே? இன்னும் வேணுமெண்டால் அட்டவணை அஞ்சில 1998இல நீர்...

— வேண்டாம், வேண்டாம்! அட்டவணை அஞ்சை நான் வெட்டுறன். கடைசியா ஒண்டு. நேரில பாத்த ஒருதற்ற வாக்குமூலம் வேணும். பேபி அன்ரி, நீங்கள் பாவக்காயைப் பாத்தனீங்கள்தானே?

— பாத்தனான். கையில வச்சிருக்கிறன்.

— அங்கிள்தானே கொண்டு வந்தவர்?

— அவர்தான் கொண்டு வந்தவர். வாழ்நாள் முழுக்க அவர் கொண்டு வாறார், நான் கறி வைக்கிறன். எங்கால வந்தது எண்டு நான் கேக்கிறேல்ல, பிள்ளை. கேட்டால் கதை துவங்கிடும், கறி அடிப்பிடிச்சிடும்.

— அது போதும் அன்ரி. "துணைவியார் உறுதிப்படுத்தினார்." போட்டிட்டன். அட்டாச் பண்ணிட்டன். அங்கிள், அனுப்பட்டோ?

— அனுப்பும் பிள்ளை. முருகன் பாத்துக்கொள்ளுவார்.

— போட்டுது! நாலு ஐம்பத்தேழு! அன்ரி, நான் கிச்சினில நிண்டு ஆடுறன். என்ர பிள்ளையள் என்னைப் பாத்துப் பயப்பிடுதுகள். பத்தாவது இதழ் வருகுது! ராகுகாலம் இல்லை, அரங்கேற்றம் இல்லை!

— பிள்ளை, ஒரு சின்னக் கேள்வி. என்ர பேர் எங்க வருகுது?

— அட்டையில அங்கிள். பெரிய எழுத்தில.

— நடுவிலயோ?

— நீங்கள் ஒரு ஆள்தானே? எங்க போட்டாலும் நடுதான்.

— பேபி, கேட்டனீரோ? நடுவிலயாம்.

— கேட்டுது. கண்ணைத் துடையுங்கோ. வெங்காயம் வெட்டினது நான்.

— பேர் மட்டுமில்லை அங்கிள், படமும் நடுவிலதான். அச்சடிக்கிறவனிட்டக் கதைச்சிட்டன், அட்டையை நாளைக்கு விடியக் குடுத்தால் போதுமாம். நான் இப்பவே கமெராவோட காரில ஏறுறன். வெயில் இறங்க முதல் வந்திடுவன். பின்வளவில, முப்பதடிப் பந்தலுக்குக் கீழ, கையில பாவக்காயோட நீங்கள். ர-ஏழின்ர பேரப்பிள்ளை ஒண்டு நிண்டால் இன்னும் நல்லது. வீட்டு நம்பர் என்ன?

— இஞ்சருங்கோ, கேக்கிறா. சொல்லுங்கோவன். கமாவும் உண்மையெண்டு சத்தியம் பண்ணின வாய்தானே.

— சொல்லத்தானே போறன்.

— கோதாரி. நாளைக்கு விடிய உங்களுக்கு ஊசி வேலை செய்யாது.

— வாரும் பிள்ளை, சந்தோசமா வாரும், கறியும் இறக்குறா. கீழ கண்ணாடிக் கதவில எங்கட பேரைப் பாத்துப் பொத்தானை அமத்தும், நான் திறந்து விடுறன். லிஃப்ற் ரெண்டில இடப்பக்கத்தில இருக்கிறது பழுது, மற்றதில ஏறும். முப்பத்திமூண்டு வருஷமா நாங்கள் பதினெட்டாம் மாடியிலதான் இருக்கிறம்.