தரையில் தங்கும் வாயு

பெட்ரோல் வாடை எனக்குச் சின்ன வயதிலிருந்தே ஒத்துக்கொள்வதில்லை. பஸ் ஏறினால் மதுரை போய்ச் சேர்வதற்குள் ஒரு எலுமிச்சம்பழத்தை முகர்ந்தே தீர்த்துவிடுவேன். ஆகவே, மில் வேன்களைப் பெட்ரோலிலிருந்து கேஸுக்கு மாற்றிய பழியை முதலாளி என் தலையில் கட்டுகிறாரோ என்று நீங்கள் சந்தேகப்பட வேண்டாம், இன்ஸ்பெக்டர் அய்யா. அந்த யோசனை என்னுடையதுதான்.

தில்லியில் நகரப் பேருந்துகளையெல்லாம் இயற்கை எரிவாயுவுக்கு மாற்றச் சொல்லி நீதிமன்றம் உத்தரவிட்டது பேப்பரில் அடிபட்டுக்கொண்டிருந்த சமயம். வேடசந்தூர்ப் பக்கம் எங்கள் நூல் மில்லில் பத்தொன்பது வருடமாக வண்டிகளைக் கவனித்து வந்தேன். டயர் தேய்ந்தது, பிரேக் இழுக்கிறது என்று வாரம் தவறாமல் முதலாளிக்கு எழுதுவேன். எதற்கும் பதில் வந்ததில்லை. தில்லி பஸ்ஸைப் பற்றி எழுதியதை மட்டும் அவர் எல்லோரையும் கூட்டிவைத்துப் படித்துக் காட்டினார்.

"கிறிஸ்துராஜ் சார் மூளையப் பாத்தீகளா? டெல்லிக்காரன் செய்யிறத நம்மளும் செய்வோம்ங்கிறாரு."

என்னை அவர் சார் என்று கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

அந்த வாயு திண்டுக்கல்லில் கிடைக்காது. கிடைத்தது சமையல் சிலிண்டர். எதையும் கேட்டுச் செய்கிறவன் என்பதால் ஒரு பாலிடெக்னிக் வாத்தியாருக்கு எழுதிக் கேட்டேன். பதில் எழுதினார். தில்லி பஸ்ஸில் அடைப்பது காற்றைவிட லேசானது, கசிந்தால் மேலே போய்க் கலைந்துவிடும். சமையல் வாயு கனமானது, கசிந்தால் தரையிலேயே தேங்கி நிற்கும். ஆள் ஏற்றும் மூடிய வண்டிக்கு ஆகவே ஆகாது. இவ்வளவும் முத்துமுத்தான கையெழுத்தில் இருந்தது. மடித்துக் கோப்பில் வைத்தேன். முதலாளியிடம் காட்டினால் திட்டம் நின்றுபோகும். நான் மறுபடியும் டயருக்கு எழுதுகிற ஆளாகிவிடுவேன்.

மூன்று வேன்களையும் மாற்றினோம். பின்சீட்டுக்கு அடியில் சிலிண்டரைக் கிடத்தி, முன்னால் பலகை அடித்தோம். அதற்காகப் பின்கதவை அடைக்க வேண்டியதாயிற்று.

தாடிக்கொம்பு வேன்தான் முதலில் வாடை அடித்தது. அதில் வரும் மரியசெல்வி எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த பெண். வாய்த்துடுக்கு. ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "எங்க வீட்ல இன்னும் வெறகு அடுப்புதான் சார். கேஸ் வாசம் பிடிக்கிறதுக்குன்னே வேலைக்கு வாரோம்."

பெண்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து அந்த வேனில் வரும் பெண்களுக்கு ஆளுக்கொரு முழம் மல்லிகைப்பூ கொடுக்க ஏற்பாடு செய்தேன். மூடிய வேனுக்குள் பதினாலு பேர் தலை நிறையப் பூ வைத்தால் வேறு வாடை தெரியாது.

"என்ன சார், எங்களுக்கு வளைகாப்பா?" என்று அதற்கும் கேட்டாள். ஆனாலும் வைத்துக்கொண்டாள். கிறிஸ்துராஜ் சாருக்குத் தங்கமான மனசு என்று மில்லில் பேச்சானது. நான் மறுக்கவில்லை.

மலைச்சாமி உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. அந்த வேனை அவர்தான் ஓட்டினார். காலையில் சாமி படத்துக்குப் பத்தி காட்டாமல் சாவியைத் திருக மாட்டார். ஒருநாள் என் மேஜைக்கு வந்து நின்றார்.

"மூணு வாரமா சாமிக்குப் பத்தி கொளுத்தலய்யா. வாடை காலடியிலயே நிக்குது. பழனியாண்டவரு கோவிச்சா கோவிச்சுட்டுப் போறாரு, நான் தீக்குச்சிய உரசமாட்டேன்."

"நீங்கள் டிரைவரா, இன்ஜினீயரா?" என்றேன்.

"பிள்ளைகள ஏத்திட்டுப் போறவன்யா."

அவரை நூல் லாரிக்கு மாற்றினேன். அவர் இடத்துக்குப் பெருமாள்சாமியைத் தேர்ந்தெடுத்தேன். எதிர்த்துப் பேசத் தெரியாதவர், பக்திமான். பத்தி காட்டாத வண்டி என்ற பேச்சு பரவினால், ஏன் என்று நாலு பேர் கேட்பார்கள். முதல் நாளே அவர் மூக்கைச் சுளித்தார்.

"என்னங்கய்யா ஒரு மாதிரி வாடை?"

"பலகைக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்திருக்கிறோம். தினமும் பத்தியைக் கொஞ்சம் தாராளமாகக் கொளுத்துங்கள், போய்விடும்" என்றேன். இதைச் சொன்னபோது வாத்தியார் எழுதியது எனக்கு வரிக்கு வரி ஞாபகம் இருந்தது. அதை மறைக்க விரும்பவில்லை.

பதினோராம் நாள் நல்ல மழை. தாடிக்கொம்பில் கடைசி ஆளையும் ஏற்றிக்கொண்டு, சாரல் அடிக்கிறதென்று கண்ணாடிகளையெல்லாம் சாத்தியிருக்கிறார்கள். மழை கொஞ்சம் குறையட்டும் என்று செத்த நேரம் காத்து நின்றிருக்கிறார்கள். அதற்குள் பத்தி காட்டிவிடலாம் என்று பெருமாள்சாமி தீக்குச்சியை உரசினார். அவர் முன்கதவு வழியாகத் தூக்கி எறியப்பட்டார். பக்கக் கதவு வழியாக ஐந்து பெண்கள் வெளியே வந்தார்கள். ஒன்பது பேர் பின்கதவைத் தட்டிக்கொண்டிருந்ததாக டீக்கடைக்காரர் சொன்னார்.

கேண்டீனுக்குக் கொண்டுபோன சிலிண்டர், டிரைவரின் அஜாக்கிரதை என்று உங்கள் ஸ்டேஷனுக்கு எழுதிக் கொடுத்ததும் நான்தான். மரியசெல்வியின் அடக்கத்தில் கோயிலில் வேத வாசகம் வாசித்தேன். குரல் நடுங்கவில்லை. அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பூவெல்லாம் வாங்கிக் குடுத்தீகளே சார்" என்று அழுதாள். ஆறுதல் சொன்னேன்.

பெருமாள்சாமியை விட்டுவிடுங்கள். என் பேச்சைக் கேட்டதைத் தவிர அவர் ஒரு பிழையும் செய்யவில்லை. ஒன்பது பேரையும் கொன்றது நான். தெரிந்தேதான் செய்தேன்.

மற்ற இரண்டு வேன்களிலும் பலகை இருப்பதால் உங்கள் ஆட்கள் சிலிண்டரைப் பார்க்கவில்லை. நானும் கழற்றச் சொல்லவில்லை. இப்போது மணி இரண்டாகப் போகிறது. மதிய ஷிப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு இரண்டும் கிளம்பியிருக்கும். ஒரு வண்டியில் ஏற்பட்ட கோளாறுக்காக ஒரு நல்ல திட்டத்தையே நிறுத்திவிடக் கூடாது என்பது என் தாழ்மையான அபிப்பிராயம்.