தானே நிமிரும் படகு

"காத்து அடிச்சுச் சாய்ச்சாலும் அந்தப் படகு தானே எந்திரிச்சிரும்ணே."

ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரி போகும் பஸ்ஸில், முன் சீட்டில் இருந்தவர் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார். கடலில்லாத ஊரில் படகுப் பேச்சா என்று காது கொடுத்தேன். இருவரும் ஃபைபர் கம்பெனி யூனிபாரத்தில் இருந்தார்கள். சொன்னவர் தூத்துக்குடிப் பக்கம், மற்றவர் உள்ளூர்க்காரர்.

"நம்ம ஷெட்டுக்கு ரிப்பேருக்கு வந்திருக்கே, அந்தப் பழைய பாய்மரப் படகா?"

"அதேதான். அடியில மீன் செட்டை மாதிரி நீட்டிக்கிட்டு இருக்குல்லா, அது பூரா ஈயம். அந்தக் கனம் கவுற விடாது."

"உங்க ஊரு படகுக்கும் அதை வெக்கலாமில்லப்பா?"

"எங்க வள்ளத்தை மணல்ல இழுத்து ஏத்தணும்ணே. அடியில அம்புட்டு நீட்டமா இருந்தா கரைக்கே வராது." ஜன்னல் பக்கம் திரும்பினார். "அது மட்டும் இருந்திருந்தா எங்கண்ணன் திரும்பி வந்திருப்பான்."

உள்ளூர்க்காரர் அவர் தோளில் கை வைத்தார்.

"ரிப்பேர் முடிஞ்சு மெட்ராஸ்ல அந்தப் படகைத் தண்ணியில இறக்கும்போது படகுக்காரரு என்னையும் கூப்பிடுதாரு. அண்ணன் போனதுல இருந்து நான் கடல்ல காலே வைக்கல."

"போய்ட்டு வாப்பா."

"பயமா இருக்குண்ணே."

பஸ் சூளகிரியைத் தாண்டியது. பிறகு உள்ளூர்க்காரர் சொன்னார்.

"நான் கடலையே பாத்ததில்ல, நீச்சலும் தெரியாது. லீவு போட்டுட்டு நானும் வரேன். உன் பக்கத்துலயே உக்காந்துக்கறேன். போலாமா?"

தூத்துக்குடிக்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"படகுக்குள்ள நாலு பேரு படுக்கலாம்ணே. ஆனா நிமிந்து நிக்க முடியாது, உங்களுக்குத் தலை இடிக்கும்."