முடுக்கில் நின்று கேட்டவர்கள்

இந்தக் கூட்டத்துக்குத் தலைமை ஏற்றிருக்கும் அரிசி ஆலை அதிபர் அண்ணாச்சி கோமதிநாயகம் அவர்களே, எனக்கு முன் பேசி அமர்ந்த பெரியவர்களே, பள்ளியில் என்னோடு பணியாற்றிய ஆசிரிய நண்பர்களே, இந்தப் படிப்பகத்தின் வாசகர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அமரர் காசிராஜனின் துணைவியார் சகோதரி சுந்தரம்மாள் அவர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

இன்று மாலை இந்த மேடையில் பலர் பேசிவிட்டார்கள். ஒருவர் காசிராஜனை இலக்கணப் புலி என்றார். ஒருவர் ஆங்கிலக் கடல் என்றார். தம் பையன் பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தேறியது காசிராஜன் சார் புண்ணியத்தால்தான் என்று ஒருவர் கண்கலங்கினார். எல்லாம் உண்மை. ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் நண்பர்களே, இவ்வளவு நேரத்தில் இந்த மேடையில் ஒரு சொல் வரவில்லையே, கவனித்தீர்களா? அந்தச் சொல்லை நாக்கு நுனிவரை கொண்டுவந்து விழுங்கியவர்களை நான் பார்த்தேன். அந்தச் சொல் பேய்.

காசிராஜன் பதினொரு வருடம் வெள்ளிக்கிழமை தோறும் சாயங்காலம் ஏழு மணிக்கு இதே கூடத்தில் உட்கார்ந்து என்ன செய்தார்? இலக்கணமா நடத்தினார்? ஆங்கிலப் பேய்க்கதைகளைத் தமிழில் சொன்னார். கையில் ஆங்கிலப் புத்தகம் இருக்கும், வாய் தமிழில் படிக்கும். அவர் இந்த ஊருக்குச் செய்த தொண்டுகளில் பெரியது அது. அதைச் சொல்லாமல் அவருக்கு இரங்கல் கூட்டம் நடத்துகிறோமே, நமக்கு வெட்கமாக இல்லையா? எனக்கு இருக்கிறது.

அவர் தொடங்கிய நாளில் நம்மவர்கள் பேசிய பேச்சு உங்களுக்கு நினைவிருக்கும். கடைத்தெருவில் வைத்து ஒரு பெரியவர் அவரிடமே கேட்டார்: “ஏன் சார், நம்மூர்ல பேய்க்கா பஞ்சம்? கப்பல்ல வேற வரவழைக்கணுமாக்கும்?” காசிராஜன் சிரித்துக்கொண்டே போய்விட்டார். பகுத்தறிவு பேசுகிறவர்கள் மூடநம்பிக்கை என்றார்கள். கோயிலுக்குப் போகிறவர்கள், வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் கோபுரத்துக்குக் கூப்பிடு தூரத்தில் பேயைப் பற்றிப் பேசுவதா என்றார்கள். இந்த இரண்டு தரப்பாரும் இந்த ஊரில் வேறு எதிலாவது ஒத்துப்போனதுண்டா? இதில் ஒத்துப்போனார்கள்.

ஆசிரியர் அறையில் நான் ஒருநாள் அவரிடம் கேட்டேன். நான் தமிழாசிரியன், கொஞ்சம் இடக்காகவே கேட்டேன். “சார், நூறு வருஷத்துக்கு முந்தி எழுதுன கதை. எழுதுனவன் செத்துட்டான். அந்த வீடெல்லாம் இடிஞ்சிருக்கும். நமக்குப் பனிமூட்டம் தெரியாது, கூடத்துச் சுவத்துல அடுப்பு வச்சுக் குளிர்காயத் தெரியாது. இதுல அப்படி என்ன இருக்கு?”

அவர் கையிலிருந்த சாக்குக்கட்டியை மேசையில் வைத்தார். “சண்முகையா சார், நம்மூர்ல ஒரு ஆத்மாவுக்குக் குறை இருந்தா என்ன செய்யும்? கோயில் கொடையில சாமியாடுத கோமரத்தாடி மேல வந்து எறங்கும். எனக்கு இன்னது வேணும்னு அவன் வாயால கேக்கும். நாம கெடா வெட்டுதோம், பொங்கல் வைக்கோம், தீந்துபோச்சு. அந்த ஊர்ப் பேய்க்குக் கோமரத்தாடி கெடையாது சார். சொல்லுததுக்கு ஒரு வாய் கெடையாது. அதனால வந்து நிக்கும். மாடிப்படியில நிக்கும், கதவுக்குப் பின்னால நிக்கும். யாராவது கேக்க மாட்டாங்களான்னு நிக்கும். கேக்காம விட்ட குறை எந்த ஊர்ல இல்ல? அதான் அந்தக் கதை சாக மாட்டேங்குது” என்றார்.



அவர் கதை சொல்லும் முறையைச் சொல்ல வேண்டும். ஒரு நல்ல ஆங்கிலப் பேய்க்கதையில் பாதிவரை ஒன்றுமே நடக்காது. ஒருவர் மழையில் ரயிலைவிட்டு இறங்குவார். குதிரை வண்டி வரும். வீட்டுக்காரி விளக்கை எடுத்துக்கொண்டு எல்லா அறையையும் காட்டுவாள், ஒன்றைத் தவிர. காசிராஜன் அவசரப்பட மாட்டார். அந்த வீட்டுக்காரி படியேறுவதை அவர் சொன்னால் நமக்கு மூச்சு வாங்கும். ஒரு கதையில் தனியாக வசிக்கும் ஒரு கனவான் காலையில் எழுந்து, மேசைமேல் கழற்றிவைத்த தம் கையுறையை எடுப்பார். அது உள்ளே சூடாக இருக்கும். அவ்வளவுதான். ரத்தம் இல்லை, அலறல் இல்லை. கையுறை என்றால் என்னவென்றே தெரியாத நமக்கு, அன்றைக்கு வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிடப் பயமாக இருந்தது.

நமக்கு என்கிறேன். யார் அந்த நாம்?

உள்ளே உட்கார்ந்து கேட்டவர்கள் மூன்று பேர். ஒருவர் ஆரம்பப் பள்ளி ஜெய்னப் டீச்சர், இதோ இருக்கிறார். ஒருவர் இளையரசனேந்தல் பக்கம் ஆடு மேய்க்கும் வீரபாண்டி. வெள்ளிக்கிழமை ஊருக்குள் வந்தால் நேரே இங்கே வந்து பெஞ்சில் உட்காருவார். மூன்றாமவர் படிப்பகத்தைப் பூட்ட வேண்டிய காவலாளி. அவர் தூங்கிவிடுவார். இந்த மூன்று பேருக்காகவா காசிராஜன் பதினொரு வருடம் தொண்டைத் தண்ணீர் வற்றப் படித்தார்?

இல்லை. இந்தக் கூடத்தின் வடபக்கம் ஒரு முடுக்கு இருக்கிறது. மாட்டுவண்டி நுழையாத சின்னச் சந்து. அங்கே சாக்கடை ஓரமாக, ஜன்னலுக்குக் கீழே, சுவரோடு சுவராக நின்றுகொண்டு கேட்டவர்கள் நாம். நான் நின்றேன். இந்த மேடையில் இருப்பவர்களில் நான் ஒருவன்தான் நின்றேனா? மேலநீலிதநல்லூரிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து நின்றவர்கள் இங்கே இருக்கிறார்கள். மூடநம்பிக்கை என்று பேசியவர் நின்றார். வெள்ளிக்கிழமையும் அதுவுமாய் என்று பேசியவர் அவருக்குப் பக்கத்திலேயே நின்றார். வீட்டில் வெற்றிலை வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தோம். பீடி நெருப்புத் தெரிந்துவிடக் கூடாதென்று அணைத்துவிட்டு நின்றோம்.

வீரபாண்டி ஒருநாள் உள்ளே போகும்போது என்னைப் பார்த்துவிட்டார். “ஏன்வே வெளிய நிக்கீரு? உள்ள பெஞ்சு சும்மாத்தான கெடக்கு?” என்றார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “சும்மா, காத்து வாங்க நிக்கேன்” என்றேன். சாக்கடை ஓரத்தில் காற்று வாங்குகிற தமிழாசிரியனை அவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

எதற்காக அந்த ஒளிவு மறைவு? படித்தவன், உத்தியோகம் பார்க்கிறவன், நாலு பேர் மதிக்கிறவன், பேய்க்கதை கேட்க உட்கார்ந்திருக்கிறான் என்று யாராவது பார்த்துவிட்டால்? அவ்வளவுதான் காரணம். கள்ளுக்கடைக்குப் போகிறவன்கூட இவ்வளவு பதுங்கியிருக்க மாட்டான்.

ஒருநாள் கதையில் கட்டம் உச்சத்தில் இருந்தது. காலடிச் சத்தம் தோட்டத்தைக் கடந்து வந்து ஜன்னலுக்கு வெளியே நின்றுவிட்டது என்று காசிராஜன் குரலைத் தாழ்த்தினார். அந்த நேரம் பார்த்து முடுக்கில் ஒருவர் தும்மிவிட்டார். உள்ளே ஜெய்னப் டீச்சர் எழுந்தே விட்டார். நாங்கள் அத்தனை பேரும் வேட்டியைச் சுருட்டிக்கொண்டு சாக்கடையோரம் குந்திவிட்டோம். காசிராஜன் ஜன்னலைப் பார்த்தார். “ஒண்ணுமில்ல டீச்சர், பூனையாயிருக்கும்” என்று சொல்லிவிட்டு மேலே படித்தார். தப்பித்தோம் என்று நினைத்தோம். அடுத்த வாரத்திலிருந்து அவர் நாற்காலி ஜன்னல் பக்கம் நகர்ந்துவிட்டது. கீழ்க்கதவுகளும் திறந்து கிடந்தன. புழுக்கத்துக்காக என்று நாமே காரணம் கண்டுபிடித்துக்கொண்டோம்.

நண்பர்களே, அவர் காரியம் முடிந்த மறுநாள் நான் அவர் வீட்டுக்குப் போனேன். சகோதரியிடம் ஒரு ஆறுதல் சொல்லலாம் என்று போனேன். மூன்று பேர் மட்டும்தான் தம் கதையைக் கேட்டார்கள் என்று நினைத்தே அவர் போய்விட்டாரே, உண்மையில் முடுக்கு நிறைய ஆட்கள் இருந்தோம் என்று சொன்னால் அவர்கள் மனம் ஆறும் என்று நினைத்தேன். சொன்னேன். அவர்கள் அழவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்தார்கள்.

“தெரியும் அண்ணாச்சி. முடுக்குல ஆளு நிக்கது அவுகளுக்கு நல்லாத் தெரியும். வெள்ளிக்கிழம வந்து சோறு திங்கையிலயே சொல்லுவாக, இன்னைக்கு முடுக்குல நல்ல கூட்டம்னு. முடுக்கு விளக்குக் கம்பத்துல பல்பு போட ஆளு வந்தான். அவுகதான் வேண்டாம்னு திருப்பி அனுப்பிட்டாக. வெளிச்சம் வந்தா நிக்கவுக எங்க போவாக பாவம், மானம் போயிருமேன்னாக” என்றார்கள்.

அந்த இருட்டு நம் சாமர்த்தியம் என்று நினைத்தோம். அது அவர் நமக்குப் போட்ட பிச்சை.

அவர்கள் இன்னும் ஒன்று சொன்னார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும். சென்ற கார்த்திகையிலிருந்து அவருக்குத் தொண்டையில் நோவு. குரல் கம்மிவிட்டது. முடுக்குக்கு எட்டவில்லை. அப்போது பாதியில் நின்ற கதை உங்களுக்கு நினைவிருக்கும். புதிதாக வேலைக்கு வந்த பாதிரியார் ஒருவர், யாரும் உட்காராத ஒரு இருக்கையைப் பற்றி, சர்ச்சில் மணியடிக்கும் கோயில்பிள்ளையிடம் விசாரிக்கிறார். கோயில்பிள்ளை பதில் சொல்லத் தொடங்குகிறான். அங்கே குரல் தேய்ந்துவிட்டது. ஜன்னல் கம்பியில் காதை வைத்துப் பார்த்தோம். ஒன்றும் கேட்கவில்லை.

நாம் என்ன செய்திருக்க வேண்டும்? சுவரைச் சுற்றி வந்தால் வாசல். வாசலுக்குள் பெஞ்சு. அவ்வளவு கிட்டத்தில் கதை இருந்தது. நாம் என்ன செய்தோம்? ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வெற்றிலையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனோம். அடுத்த வெள்ளிக்கிழமை முடுக்குக்கும் வரவில்லை. பதினொரு வருடம் கேட்ட கதையைவிட நம்முடைய மதிப்பு நமக்குப் பெரிதாகப் போய்விட்டது.

அந்த வாரங்களில் அவர் வீட்டில் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் தெரியுமா? சகோதரி சொன்னதை அப்படியே சொல்கிறேன். “இனிமே முடுக்குக்கு என் கொரல் எட்டாது. அதனால இப்பம் உள்ள வந்துருவாக பாருன்னு சொல்லிக்கிட்டே இருந்தாக அண்ணாச்சி. ஆளு வைக்காம அவுகளே பெஞ்சையெல்லாம் தொடச்சுப் போட்டாக. சண்முகையா சார் கண்டிப்பா வருவாருன்னாக.”

நான் போகவில்லை.

கேட்பாரில்லாமல் வந்து நிற்கும் ஆத்மாவின் கதையை நமக்குப் பதினொரு வருடம் சொன்ன மனிதர், கடைசியில் தாமும் நமக்காகக் காத்திருந்தார். உமக்கு என்ன வேண்டும் என்று நம்மில் ஒருவர் போய்க் கேட்டோமா? அவருக்கு வேண்டியிருந்தது பொன்னாடையா, பட்டமா? பெஞ்சில் ஒரு ஆள். அதைக்கூட நாம் கொடுக்கவில்லை.

இப்போது தலைவர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம். எனக்குப் பின் ஒரு தீர்மானம் வரப்போகிறது என்று அறிவேன். இந்தப் படிப்பகத்தில் இனி வெள்ளிக்கிழமை மாலைகளில் ‘காசிராஜன் நினைவு ஆங்கில இலக்கண வகுப்பு’ நடக்கும் என்பது தீர்மானம். நல்ல எண்ணத்தில் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் அண்ணாச்சி, அந்தத் தீர்மானம் நிறைவேறினால் நாம் மறுபடியும் முடுக்குக்குப் போகிறோம் என்று அர்த்தம். அவர் பெயரை வைத்துக்கொண்டு அவர் செய்ததை மறைக்கிறோம் என்று அர்த்தம். இலக்கண வகுப்பைச் செவ்வாய்க்கிழமை வையுங்கள், நானே வந்து பாய் விரிக்கிறேன். வெள்ளிக்கிழமை கதைக்கு உரியது. தயவுசெய்து அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள். உங்களை நான் வற்புறுத்தக் காரணம் இருக்கிறது, அண்ணாச்சி. தும்மியது யார் என்று எனக்குத் தெரியும்.

சிரிக்கிறீர்கள். அண்ணாச்சியும் சிரிக்கிறார். தலையை அசைக்கிறார். நன்றி அண்ணாச்சி, அந்தத் தலையசைப்பை இந்தச் சபை பார்த்துக்கொண்டது.

ஜெய்னப் டீச்சரிடம் பேசிவிட்டேன். வருகிற வெள்ளிக்கிழமை அந்தப் பாதிரியார் கதையை விட்ட இடத்திலிருந்து அவர் படிப்பார். நான் ஆங்கிலம் குறைந்தவன். ஆனாலும் அவருக்குத் தொண்டை வலித்தால் அடுத்த பக்கத்தை எழுத்துக்கூட்டியாவது நான் படிப்பேன். அமரர் காசிராஜன் தொடங்கியதை நான் உயிரோடு இருக்கும்வரை நிற்கவிட மாட்டேன். இது அவர் படத்துக்கு முன்னால் நான் செய்யும் உறுதி.

முடுக்கு விளக்குக்கு பல்பு போடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அது எரியும். அதற்குக் கீழே நிற்க விரும்புகிறவர்கள் நிற்கலாம், தடையில்லை.

சுந்தரம்மாள் அம்மா, உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு யோக்கியதை இல்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். வெள்ளிக்கிழமை நீங்களும் வரவேண்டும். அவர் உட்கார்ந்த நாற்காலியை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போடுகிறேன். அதில் நீங்கள் உட்கார வேண்டும். வாசல் வழியாக யார் யார் வருகிறார்கள், யார் வரவில்லை என்று நீங்கள் உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும்.

வணக்கம்.