கண்ணையன் உடம்பு தேறிய விதம்

வீட்டிலேயே உடற்பயிற்சி தொடங்குகிறவர்கள் செய்கிற முதல் தவறு, ஆசையில் முதல் நாளே அளவுக்கு மீறிச் செய்துவிடுவது. மறுநாள் கை காலை அசைக்க முடியாமல் படுத்துவிடுவார்கள். அத்தோடு அந்த ஆசையும் தீர்ந்துவிடும். என் தம்பி கண்ணையன் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை. நான் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டேன்.

சார், நீங்கள் இரண்டு தடவை என்னை வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டீர்கள். "துக்கத்துல பேசுறீங்கம்மா, இதுல கேஸே இல்ல" என்றீர்கள். நெஞ்சடைத்துச் செத்தவனுக்காக ஸ்டேஷனில் என்ன வேலை என்று நீங்கள் நினைப்பது நியாயம்தான். இருந்தாலும் முழுவதையும் கேட்டுவிட்டு எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அவசரம் இல்லை. வீட்டில் சோறு வைத்துக்கொண்டு யாருக்காகவும் காத்திருக்க வேண்டியதில்லை.

என் பெயர் பஞ்சவர்ணம். இதே பெரம்பலூரில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கிறேன். அம்மா போனபோது கண்ணையனுக்குப் பால் பல்கூட விழவில்லை, நான் தாவணி போட்டிருந்தேன். அன்றிலிருந்து அவனுக்கு நான்தான். நடுவில் எனக்கும் ஒரு கல்யாணம் நடந்தது. அரியலூர் ரோட்டில் ஒரு லாரி அதை முடித்துவைத்தது. நான் தம்பியிடமே திரும்பி வந்துவிட்டேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

சின்ன வயதில் அவனுக்கு மூட்டுக்காய்ச்சல் வந்தது. ஒரு மழைக்காலம் முழுவதும் எழுந்திருக்கவில்லை. கஞ்சி ஊட்டுவேன், துடைத்துவிடுவேன், மடியில் போட்டுக்கொள்வேன். ஜன்னல் பக்கம் நான் நகர்ந்தால்கூட "அக்கா" என்று முந்தானையைப் பிடித்துக்கொள்வான். சொன்னால் தப்பாக நினைப்பீர்கள், நான் நிம்மதியாக இருந்த காலம் அது ஒன்றுதான். பிறகு அவன் எழுந்தான், படித்தான், கூட்டுறவுப் பண்டகசாலையில் கணக்கெழுத வேலைக்குப் போனான். ஆள் மட்டும் ஒல்லி. சட்டை தைக்கும்போது தோள்பட்டையில் இரண்டு மடிப்புத் துணி வைத்துத் தைப்பேன். அது எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

அவனுக்குச் செந்துறையில் பெண் பார்த்தோம். மலர்க்கொடி என்று பெயர். நல்ல பெண்தான், குறை சொல்ல மாட்டேன். பரிசம் போட்ட அன்றைக்கு அவளுடைய மாமா செல்லப்பன் எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே, "மாப்புள காத்தடிச்சா பறந்துருவாரு போலருக்கே, மாலையப் போட்டா தாங்குவாரா?" என்று கேட்டார். சபையே சிரித்தது. மலர்க்கொடி மட்டும் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணையன் அதைப் பார்த்துவிட்டான். மற்றவர்கள் சிரித்ததைவிட அவள் சிரிக்காததுதான் அவனைத் தைத்தது.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்றான்.

"அக்கா, ஒடம்ப ஏத்தணும். கல்யாணத்துக்குள்ள ஏத்திர முடியுமா?"

நான் கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு, "ஏத்திரலாம்டா" என்றேன்.

அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டும். இரண்டு வருடங்களுக்கு முன்னால் அவனைத் திருச்சியில் ஒரு பெரிய டாக்டரிடம் காட்டியிருந்தேன். டாக்டர் அவனை மருந்து வாங்க அனுப்பிவிட்டு என்னை மட்டும் உட்காரவைத்துப் பேசினார். அந்தப் பழைய காய்ச்சல் இவன் இதயத்தின் வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது என்றார். பயப்படாதீங்கம்மா, ஆபீஸ் வேலை பார்க்கலாம், கல்யாணம் பண்ணிக்கொள்ளலாம், பிள்ளை குட்டி பெற்று நன்றாக இருக்கலாம். கனமானதைத் தூக்கக் கூடாது, மூச்சு வாங்கும்படி எதையும் செய்யக் கூடாது, கால் வீங்கினால் அன்றைக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டும் என்றார். மருந்தோடு திரும்பி வந்தவன், "என்னக்கா சொன்னாரு?" என்று கேட்டான். "மூட்டு கொஞ்சம் பலவீனமாம், வேற ஒண்ணுமில்ல" என்று சொன்னேன். அன்று அதைப் பாசத்தில் மறைத்தேன். பிள்ளை பயந்துவிடுவானே என்றுதான்.

ஆக, அவன் கேட்டபோது என்னிடம் இரண்டு பதில்கள் இருந்தன.

ஊரில் பயிற்சிக்கூடம் எதுவும் கிடையாது. இருந்தாலும் அவன் போயிருக்க மாட்டான், எலும்பு தெரிய நாலு பேர் முன்னால் நிற்க வெட்கம். அதனால் கொல்லைப்புறத்தில் கீற்றுத் தட்டி கட்டி மறைத்துக் கொடுத்தேன். வளர்கிற உடம்பில் ஊர்க் கண் படக்கூடாது என்றேன். அதை அவன் நம்பினான். முதல் வாரம் கையைக் காலை நீட்டி மடக்கியதோடு சரி. பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு பஸ்கி. பிறகு தண்டால். தூக்குவதற்கு ஆட்டுக்கல் குழவியைக் கழுவிக் கொடுத்தேன். தண்ணீர் எடுத்து ஊற்றிக்கொண்டிருந்த வீராயியை நிறுத்திவிட்டு, கிணற்றில் இறைக்கிற வேலையை அவனுக்கே விட்டேன். முளைகட்டின கடலை, பச்சை முட்டை, கேப்பைக் கூழ் என்று சாப்பாட்டிலும் குறை வைக்கவில்லை. எல்லாம் படிப்படியாக. அவசரப்பட்டிருந்தால் நாலே நாளில் பயந்து டாக்டரிடம் ஓடியிருப்பான்.

மூச்சு வாங்கத்தான் செய்தது. "ஆரம்பத்துல எல்லாருக்கும் அப்படித்தாண்டா" என்றேன். படுத்தால் இருமல் வந்தது. இரண்டு தலையணை வைத்துக் கொடுத்தேன். ஒரு நாள் அவனே, "டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாமாக்கா?" என்றான். நீ லீவு போடவேண்டாம், நானே போய்க் கேட்டு வருகிறேன் என்று பஸ் ஏறினேன். திருச்சியில் இறங்கிக் கடைத்தெருவுக்குப் போய் அவனுடைய கல்யாணச் சட்டைக்குத் துணி எடுத்தேன். நல்ல துணி, சந்தன நிறம். ஒரு காப்பி குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன். "டாக்டருக்கு ரொம்ப சந்தோஷம், நிறுத்தாம செய்யச் சொன்னாரு" என்றேன். அவன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

அப்புறம்தான் அவன் உடம்பு தேற ஆரம்பித்தது.

நான் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. ஒரு காலை என் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். "அக்கா, கெண்டக்கால அளந்து பாரு, சதை ஏறியிருக்கு" என்றான். அளந்தேன். ஏறித்தான் இருந்தது. கொஞ்ச நாளில் செருப்பு வார் பிடித்தது. கன்னம் உப்பியது. பஸ் ஸ்டாண்டு எடை மெஷினில் காசு போட்டு, வந்த அட்டையைக் கொண்டுவந்து காட்டினான். எடை கூடியிருந்தது. பின்பக்கம், உங்கள் உழைப்புக்கு விரைவில் பலன் உண்டு என்று அச்சடித்திருந்தது. அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தான். செந்துறையிலிருந்து வந்த செல்லப்பன்கூட, "மாப்புள தேறிட்டாரே, என்ன சாப்புடுறீங்க?" என்று வாயைப் பிளந்தார்.

அவன் தூங்கும்போது நான் அந்தக் காலில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தேன். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. சதை என்றால் குழி நிற்காது. தையல்காரிக்கு அது தெரியாதா, உடம்பை அளப்பதுதானே என் தொழில். அது நீர். டாக்டர் சொன்ன வீக்கம். அன்றைக்கும் பெரம்பலூரிலிருந்து திருச்சிக்குப் பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

தம்பிக்கும் உங்களுக்கும் ஏதாவது மனஸ்தாபமா என்று கேட்டீர்கள். கிடையாது. பரிசம் முடிந்து திரும்பும்போது பஸ்ஸில் அவன் ஒரு விஷயம் சொன்னான், அவ்வளவுதான். தாலியில் முதல் முடிச்சை மாப்பிள்ளை போடுவான், மற்ற இரண்டையும் அவன் கூடப்பிறந்தவள் போடவேண்டும். எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். புருஷன் இல்லாதவள் தாலியைத் தொடக்கூடாது என்பதும் வழக்கம்தான். எனக்குத் தெரியாதா? ஆனாலும் அவன் வாயால், "முடிச்சு போட உடையார்பாளையத்துச் சாந்தாவச் சொல்லிட்டேன்க்கா. நீ அந்த நேரத்துல சமையக்கட்டுப் பக்கம் பாத்துக்க" என்றான். சாந்தா எங்கள் பெரியப்பா மகள். அவனுக்கு ஒரு நாள் ஒரு வாய்ச் சோறு போட்டதில்லை. நான் "நல்லதுடா, அவ கைராசிக்காரி" என்றேன். கோபமே வரவில்லை. டிக்கெட்டைச் சின்னச் சின்னதாகக் கிழித்துக்கொண்டு வந்தேன், அது வெறும் பழக்கம்.

அவன் சாகவேண்டும் என்று நான் நினைக்கவில்லை. இதை அழுத்தமாக எழுதுங்கள். படுத்துக்கொள்ள வேண்டும் என்றுதான் நினைத்தேன். கல்யாணம் தள்ளிப்போகும். அப்புறம் பெண் வீட்டுக்காரர்களே நோயாளிக்குப் பெண் தர மாட்டோம் என்பார்கள். அவன் மறுபடியும் கட்டிலில் இருப்பான், நான் கஞ்சி ஊட்டுவேன். எத்தனை வருடம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருப்பேன். யாருக்கும் அதில் நஷ்டம் இல்லை என்று தோன்றியது.

ஆனால் அவன் படுக்கவில்லை. அவ்வளவு ஆசை அவனுக்கு.

கல்யாணத்துக்கு முந்தின வாரம், விடிந்து கொஞ்ச நேரம் இருக்கும். கிணற்றடியில் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, இன்னிக்கு வேணாங்க்கா. நெஞ்ச அடைக்குது" என்றான். உதடு நிறம் மாறியிருந்தது. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

"மலர்க்கொடி பாக்கணும்னுதான இவ்வளவும் பண்ணுன. இப்ப போயி உட்டுட்டா எப்புடிடா?"

அவள் பெயரைக் கேட்டதும் எழுந்தான். குழவியைத் தூக்கி மார்பு வரைக்கும் கொண்டுவந்தான். தோளுக்கு மேல் போகவில்லை. கல் முதலில் விழுந்தது, அப்புறம் அவன். மடியில் போட்டுக்கொண்டேன். முந்தானையைப் பிடிப்பான் என்று பார்த்தேன். பிடிக்கவில்லை. ஆகவே, சாகவேண்டும் என்று நினைக்கவில்லை என்று சற்று முன்னால் சொன்னேனே, அதை அடித்துவிடுங்கள். அந்த உதட்டைப் பார்த்த பிறகு அப்படிச் சொல்ல முடியாது.

சந்தன நிறச் சட்டையைப் போட்டுத்தான் எடுத்தோம். வீக்கத்துக்குத் தகுந்தாற்போல் பக்கத் தையலைப் பிரித்துவிட வேண்டியிருந்தது.

ஊர் முதலில் கண்ணேறு என்றது. பிறகு பெண்ணின் ராசி என்றது. கழுத்தில் தாலி ஏறுவதற்கு முன்னாலேயே மாப்பிள்ளையை முழுங்கிவிட்டாள், இனி அவளை யார் கட்டுவார்கள் என்று என் காதுபடவே பேசினார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை. நேற்று மலர்க்கொடி அவள் அம்மாவோடு வந்தாள். என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். "அண்ணி, எனக்காகத்தான் இவ்வளவும் பண்ணுனாங்க. எனக்காகவே உசுர வுட்டுட்டாங்க" என்றாள். அவள் அம்மாவும் அதையே சொல்லி அழுதாள். கூடியிருந்த பொம்பளைகள் எல்லாரும் அவளைத்தான் கட்டிப் பிடித்துத் தேற்றினார்கள். அவள் தலையைத் தடவினார்கள். என்னைத் தள்ளிவிட்டு அவளுக்கு இடம் கொடுத்தார்கள்.

பாவம், சின்னப் பெண். அவள் மேல் பழி நிற்கக் கூடாது. அதற்காகத்தான் இங்கே வந்தேன், வேறு காரணம் இல்லை.

கையெழுத்து எங்கே போடவேண்டும்? அதற்கு முன்னால் ஒன்றை மட்டும் தெளிவாக எழுதிவிடுங்கள், நாளைக்கு யாரும் மாற்றிச் சொல்லக்கூடாது. என் தம்பி அவளுக்காகச் சாகவில்லை. என் கையால்தான் செத்தான்.