நான்காம் பாகம் இன்னும் வரவில்லை

எங்கள் கூஸ் பே ஊரில் மழைக்காலத்தில் இணையம் போய்விட்டது என்று சொன்னால் யாரும் ஏன் என்று கேட்பதில்லை. எங்கள் தெருவில் ஒரு கிளை முறிந்தாலே போதும், கம்பி அறுந்துவிடும். ஆகவே அந்த அக்டோபரில் நான் முதலில் சொன்னது பொய்யே இல்லை. இதை நீங்கள் வாக்குமூலத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். இணையம் உண்மையிலேயே போயிருந்தது.

மற்றதையும் ஒளிக்காமல் சொல்கிறேன்.

எம்மெட் என் தம்பி, நான் அவனுக்கு அக்கா. அம்மா எங்களை விட்டுப் போன பிறகு அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். அவனுக்கு மர ஆலையில் வேலை, எனக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில். சாப்பிட்டு முடித்ததும் ‘வறண்ட கடல்’ என்ற வீடியோ கேம் ஆடுவோம். போருக்குப் பிறகு கடல்கள் வற்றிப்போன உலகம் அது. கடலின் அடித்தரையில் துருப்பிடித்துக் கிடக்கும் கப்பல்களில் மனிதர்கள் குடியிருப்பார்கள். நாம் ஓர் ஆளாக அதற்குள் புகுந்து தண்ணீர் தேடி நடக்க வேண்டும். எந்தக் கப்பலில் யாரை நம்புவது என்பதையும் நாமே முடிவு செய்ய வேண்டும். எம்மெட் ஆடுவான். நான் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வேன். எனக்கு அந்தச் சோபாவைத் தவிர வேறு ஊர் தேவைப்பட்டதில்லை.

மூன்று பாகங்கள் வந்திருந்தன. மூன்றும் சொன்ன தேதிக்கு வந்ததில்லை. கடைசி நேரத்தில் ஓர் அறிவிப்பு வரும், இன்னும் கொஞ்சம் செதுக்க வேண்டியிருக்கிறது என்று. அந்த கேமை ஆடுகிறவர்களுக்கு அது ஒரு பெருமை. தள்ளிப்போனதற்காகக் கோபப்பட்டால் அவன் நேற்று வந்து சேர்ந்தவன் என்று அர்த்தம்.

நோய் அவனுடைய வலது ஆள்காட்டி விரலில் ஆரம்பித்தது. கேமில் துப்பாக்கிக் குதிரையை அழுத்துகிற விரல். அவன் கன்ட்ரோலரைத் திட்டினான்.

“காசு மட்டும் நல்லா வாங்கறானுங்க. செய்யறது களிமண்ணுல.”

புதியது வாங்கினான். அதிலும் அழுந்தவில்லை. தசைகளுக்குப் போகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் சாகிற நோய் என்று யூஜீன் நகரில் இருக்கும் டாக்டர் சொன்னார். கை, கால், தொண்டை, கடைசியில் மூச்சு. மூளை மட்டும் கடைசி வரை தெளிவாக இருக்கும் என்றார். அதை ஒரு நல்ல செய்தி போலச் சொன்னார்.

எங்கள் மாநிலத்தின் சட்டம் உங்களுக்குத் தெரியும். தீராத நோயாளி கேட்டால், இரண்டு டாக்டர்கள் ஒத்துக்கொண்டால், நிம்மதியாகக் கண் மூட மருந்து எழுதிக் கொடுப்பார்கள். அதை அவனேதான் விழுங்க வேண்டும். வேறொருவர் செலுத்தினால் கொலை. எம்மெட் கேட்டான், கிடைத்தது. மருந்து சமையலறை அலமாரியின் மேல் தட்டில், காபிப் பொடிக்குப் பக்கத்தில் இருந்தது. இன்றுவரை நான் அதைத் தொட்டதில்லை. நீங்கள் போய்ப் பார்த்தபோதும் முத்திரை உடையாமல்தான் இருந்திருக்கும்.

அந்தக் கோடையில் நான்காம் பாகத்துக்குத் தேதி அறிவித்தார்கள். எம்மெட் பிஸ்கட் ரொட்டியை இறைச்சிக் குழம்பில் ஊற வைத்துத் தின்றுகொண்டே சொன்னான்.

“நாலாவது வரட்டும் கோரின். முழுசா ஆடி முடிச்சுட்டு, மருந்தைக் குடிச்சுட்டு நான் கெளம்பறேன்.”

“பாதியிலயே போரடிச்சுட்டா?”

“அப்ப சீக்கிரமே கெளம்பறேன். பெரிய டிவி உனக்கு. இந்த அழுமூஞ்சி மட்டும் வேணாம், சகிக்கல.”

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். அன்றிலிருந்து அந்த கேம் எனக்கு வேறொன்றாகிவிட்டது. உங்கள் வீட்டில் ஒருவரைக் கூட்டிப்போக வரும் வண்டிக்கு ஒரு தேதி குறித்திருந்தால், அந்தத் தேதியை நீங்கள் எப்படிப் பார்ப்பீர்கள்?

அக்டோபரில் புயலடித்தது, இணையம் போனது. இரண்டாம் நாள் தபால் பெட்டியில் ஒரு பொட்டலம் இருந்தது. அவன் முன்கூட்டியே பணம் கட்டியிருந்த நான்காம் பாகம். சொன்ன தேதிக்கு, முதல் முறையாக, வந்துவிட்டது. நான் அதைக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு, நனைந்துபோய் உள்ளே வந்தேன். கொடுக்கத்தான் வந்தேன் என்று நினைக்கிறேன். கன்ட்ரோலரைக் கையோடு சேர்த்துக் கட்ட நான் தைத்த பட்டை அவன் மடியில் தயாராக இருந்தது. அவன் என் முகத்தைப் பார்த்தான்.

“தள்ளிப் போட்டுட்டானுங்க, இல்ல?”

நான் தலையை மட்டும்தான் ஆட்டினேன்.

“எனக்குத் தெரியும்! நான் சொன்னேனா இல்லையா? சரி விடு, அதுக்கு ஏன் இப்படி வெளுத்துப் போய் நிக்கற? அரைவேக்காடா இப்பக் குடுக்கறதுக்கு, லேட்டானாலும் ஒழுங்கா குடுக்கட்டுமே.”

பொய்யை அவனேதான் சொன்னான். நான் அதை மறுக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு செய்தது கடினமாக இல்லை. இணையம் திரும்பி வந்ததும் இணையப் பெட்டியின் இணைப்பைப் பிடுங்கினேன். போனை அவனால் பிடிக்க முடியாது, நான்தான் பிடித்துப் படித்துக் காட்ட வேண்டும். வெளி ஆட்களில் டெஸ்மண்ட் மட்டும்தான் சிக்கல். ஆலையில் எம்மெட்டோடு வேலை செய்தவன், பக்கத்து ஊரான நார்த் பெண்டில் இருக்கிறான், இந்த கேமுக்காக உயிரை விடுகிறவன். அவனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

“அவன்கிட்ட கேமைப் பத்தி மட்டும் பேசிடாத. கை வரலியேன்னு உள்ளுக்குள்ள அழறான். பேரைக் கேட்டாலே ரெண்டு நாளைக்குச் சாப்பிட மாட்டேங்கறான்.”

“ஐயோ பாவம். வாயே தெறக்க மாட்டேன் கோரின். மத்த பசங்ககிட்டயும் சொல்லிடறேன்.”

சொன்னபடி செய்தான். வரும்போதெல்லாம் நண்டு பிடித்ததைப் பற்றியே பேசினான். ‘அவன் ஏன் கேமைப் பத்திப் பேசவே மாட்டேங்கறான்?’ என்று எம்மெட் கேட்டபோது, ‘நீ அதுவரைக்கும் இருப்பியோ மாட்டியோன்னு அவனுக்குப் பயம்’ என்றேன். இரண்டு பக்கத்திலும் நல்லவர்கள் இருந்ததால் என் வேலை சுலபமாக இருந்தது.

அந்தக் குளிர்காலம் எங்களுக்கு நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் தவறு. வசந்தத்தில் வருகிறது என்று ஒரு செய்தி படித்தேன். புதிதாக ஒரு பனிப் பிரதேசம் சேர்க்கிறார்களாம் என்று இன்னொன்று. எம்மெட் கண் விரியக் கேட்பான், சந்தேகம் கேட்பான், நான் அடுத்த நாள் பதில் கொண்டுவருவேன். எனக்குள் இப்படி ஒரு திறமை இருந்தது எனக்கே தெரியாது.

நர்ஸ் வாரம் ஒரு முறை வருவார். டாக்டர் போனில் சொன்னதை அவர் அவனிடம் எடுத்துச் சொன்னார்.

“எம்மெட், விழுங்கற தெம்பு இருக்கறப்பவே முடிவு பண்ணிடுங்க. அது போயிட்டா அப்புறம் நாங்க நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாது.”

“வசந்தம் வரைக்கும் தாங்குமா?”

“அதை என்னால சொல்ல முடியாது.”

“தாங்கும். அவனுங்க ஒரு தடவைக்கு மேல தள்ளிப் போட மாட்டானுங்க.”

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தான். நான் ஆமாம் என்றேன்.

ஜனவரியில் இரண்டு கைகளும் போய்விட்டன. பட்டை கட்டினாலும் பயனில்லை. நான் பயந்தேன், இனி எதற்குக் காத்திருப்பது என்று கேட்டுவிடுவானோ என்று. அவன் குழறிக் குழறிச் சொன்னான்.

“நீ ஆடு. நான் வழி சொல்றேன். இத்தனை வருஷம் நீ சொன்னேல்ல.”

நான் அவன் முகத்தைப் பார்க்காமல் பட்டையை அவிழ்த்தேன். அதற்கு ஒரு காரணம் உண்டு. நான் அதற்குள் ஆடி முடித்திருந்தேன். துணி துவைக்கும் அறையில், பழைய சிறிய டிவியில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு. அவனுடைய கேம் பெட்டி ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று சொல்லி அதை அங்கே வைத்திருந்தேன். இயந்திரம் சுற்றுகிற சத்தத்தில் எதுவும் கேட்காது. அவனுக்குப் பொருத்தமாக இருக்குமா என்று பார்க்கத்தான் ஆரம்பித்தேன். நன்றாக இருந்தது. மூன்றாம் பாகத்தைவிட நன்றாக இருந்தது. முடிவில் நான் அழுதேன்.

ஏப்ரலில், இலையுதிர் காலத்துக்குத் தள்ளிவிட்டார்கள் என்று படித்தேன். அதே வாரம் அவனுக்குத் தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. நர்ஸ் கெட்டிப்படுத்திய நீரை ஸ்பூனில் கொடுத்துப் பார்த்தார். அதுவும் இறங்கவில்லை. அவர் எழுந்து சமையலறைக்கு வந்து, மேல் தட்டைக் காட்டி, இனி அது உதவாது என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார். என் தோளைத் தொட்டார். வயிற்றில் துளை போட்டு உணவுக்குழாய் வைத்தார்கள். எம்மெட் அழவில்லை. பேச்சு முழுதும் போவதற்கு முன் அவன் சொன்ன நீண்ட வாக்கியம் ஒன்று உண்டு.

“அக்டோபர்லயே வந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.”

‘யாருக்குத் தெரியும்’ என்றேன். அன்று நான் நன்றாகத் தூங்கினேன். பல மாதங்களுக்குப் பிறகு முதல் முறையாக.

அதன்பின் அவன் பட்டதைப் பற்றி நர்ஸ் எழுதித் தந்திருப்பார். எச்சில் மூச்சுக்குழலில் இறங்கி மூச்சு முட்டும். நான் கருவி வைத்து உறிஞ்சி எடுப்பேன். முதுகில் புண். கெண்டைக்காலில் தசை முறுக்கிக்கொள்ளும்போது முகம் அசையாது, கண்ணிலிருந்து மட்டும் நீர் வரும். கண் ஒன்றுதான் மிச்சம். கண்ணால் இயக்குகிற கணினி தருகிறோம் என்று ஓர் அமைப்பு முன்வந்தது. அதில் இணையம் இருக்கும். அவனுக்கு எழுத்துப் பலகையே போதும் என்று சொல்லிவிட்டேன். எழுத்துகள் ஒட்டிய கண்ணாடிப் பலகை அது. எந்த எழுத்தைப் பார்க்கிறான் என்று எதிர்ப்பக்கமிருந்து கண்டுபிடிக்க வேண்டும். காலையில் அவன் கேட்கும் முதல் சொல் ‘தேதி’. நான் போனை எடுத்துப் படிப்பேன். ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

இப்படி இன்னொரு குளிர்காலம் போயிற்று. அதற்கடுத்த கோடையின் கடைசியில் டெஸ்மண்ட் சொல்லாமல் வந்தான். எம்மெட்டுக்காக அறையைச் சூடாக வைத்திருந்தேன். உட்கார்ந்ததும் டெஸ்மண்ட் ஜாக்கெட்டைக் கழற்றினான். உள்ளே போட்டிருந்த பனியனில் ‘வறண்ட கடல் 4’ என்று பெரிதாக இருந்தது. துவைத்துத் துவைத்து வெளுத்த பனியன்.

எம்மெட் அதையே பார்த்தான். டெஸ்மண்டுக்கு முகம் சிவந்துவிட்டது.

“டேய், மன்னிச்சுக்கோடா. கேமைப் பத்திப் பேசக்கூடாதுன்னு கோரின் சொல்லியிருந்தா. கையில கெடச்சதை மாட்டிக்கிட்டு வந்துட்டேன், புத்திகெட்டவன்.”

எம்மெட் பலகையைப் பார்த்தான். டெஸ்மண்ட் எடுத்துப் பிடித்தான். எம்மெட் கண்ணால் மெதுவாக எழுத்துக் கூட்டினான். ‘எப்போ வருது’.

“வருதா? வந்து ரெண்டு வருஷம் ஆகப்போகுதுடா. நானே மூணு தடவை முடிச்சுட்டேன்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னான். பாதிச் சிரிப்பில் நின்று என் பக்கம் திரும்பினான். “கோரின்?”

நான் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தேன். தொடர்ந்து மடித்தேன்.

எம்மெட் கண்ணை மூடிக்கொண்டான். ஒரு மனிதரை வெளியே போ என்று சொல்ல அவனுக்கு இருந்த ஒரே வழி அது. அன்றிலிருந்து நான் அறைக்குள் இருக்கும்வரை அவன் கண்ணைத் திறப்பதில்லை. உங்களை அழைத்தது டெஸ்மண்ட். எனக்கு அவன்மேல் கோபமில்லை.

இவ்வளவையும் நான்தான் செய்தேன். ஒப்புக்கொள்கிறேன், கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் வலி தர வேண்டும் என்று செய்ததில்லை. அவனுக்கு ஆசையாக எதிர்பார்க்க ஒன்று வேண்டியிருந்தது. அது தீராமல் பார்த்துக்கொண்டேன். அவனுக்காகத்தான்.

மருத்துவமனையில் அவன் அறையில் பெரிய திரை வைத்திருக்கிறார்களாம். டெஸ்மண்ட் தினமும் வந்து நான்காம் பாகத்தை ஆடுகிறானாம், எம்மெட் கண்ணாலேயே வழி காட்டுகிறானாம். நேற்று நீங்கள்தான் சொன்னீர்கள். முடிந்ததும் உணவுக்குழாயை நிறுத்தச் சொல்லியிருக்கிறான், அதற்கு அவனுக்கு உரிமை இருக்கிறது என்றும் சொன்னீர்கள். எனக்கு அந்த கேம் தெரியும். டெஸ்மண்ட் வேகமாக ஆடுகிறவன். நாள் அதிகமில்லை.

இந்தக் காவலிலிருந்து நான் அங்கே வர முடியாது என்று தெரியும். நீங்கள் ஓர் உதவி செய்யலாம். ஐந்தாம் பாகத்துக்கு வேலை ஆரம்பித்துவிட்டார்கள் என்று எங்காவது செய்தி வந்திருக்கும், தேடிப் பாருங்கள். கிடைத்தால் அவனுக்குப் படித்துக் காட்டுங்கள். கிடைக்காவிட்டால் ஒரு தாளும் பேனாவும் கொடுங்கள், நானே எழுதித் தருகிறேன்.